செட்டாக வாங்காதீர்கள், ஸ்கேலை வாங்குங்கள்

வட்டக் கத்தி, வெட்டுப் பாய், தெளிவான ஒரு ஸ்கேல், மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியில் வருகிற க்வில்டிங் செட்டைப் பற்றி எழுதுகிறேன். க்வில்ட் என்றால் சின்னத் துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் ஓர் அடுக்கு வைத்துச் செய்கிற விரிப்பு. மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம். ஸ்கேலுக்கு 5-க்கு 5. கத்திக்கு மூன்றரை. பாய்க்கு 2, அதுவும் இரக்கப்பட்டுப் போட்டது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். கறுப்புக் கால் மிஷின், என்னைவிட மூத்தது. சுடிதாரும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் வந்தால் தைப்பேன் என்றாலும் சோறு போடுவது பிளவுஸ்தான். ஆகவே இது ஒரு தையல்காரியின் மதிப்பெண். பொழுதுபோக்குக்கு க்வில்ட் செய்கிறவர்கள் வேறு மாதிரி போடக்கூடும். செட்டை வாங்கி அனுப்பியது பெங்களூரில் வேலை பார்க்கிற அண்ணன் மகன். "அத்தை, சாக்குச் சாக்கா துணிய குப்பையில போடுறீங்க, இத வச்சு ஏதாவது செய்யுங்க" என்று போனில் சொன்னான். நான் குப்பையில் போடுவதில்லை, பைக் ஒர்க்‌ஷாப்காரர்கள் கை துடைக்க வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஆசையாக வாங்கி அனுப்பியவனிடம் அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். தங்கச்சிக்குப் பேத்தி பிறந்திருந்த நேரம். பிள்ளையைத் தரையில் விட்டு விளையாட ஒரு சின்ன விரிப்பு செய்து பார்ப்போம் என்று தொடங்கினேன்.

பிளவுஸ் வெட்டுகிறவர்களுக்கு மிச்சத் துணி எப்படி விழும் என்று தெரியும். 80 சென்டிமீட்டரோ 1 மீட்டரோ கொண்டுவருவார்கள். முன்பாகம், முதுகு, கை, பட்டி, கிராஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டுகிற துண்டு) எல்லாம் எடுத்த பிறகு கக்கத்து வளைவில் ஒரு பிறைத்துண்டு, கழுத்தில் ஒரு வட்டத்துண்டு, கரையோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு நீளத்துண்டு. முழுச் சதுரமாக ஒன்று கிடைப்பது அபூர்வம். இணையத்தில் க்வில்ட் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் கடையில் புதுத் துணியை அரை மீட்டர், கால் மீட்டர் என்று வாங்கி வந்து, மடித்துத் தேய்த்து, பிறகு அதையே துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். நல்ல துணியை வெட்டி ஒட்டுப்போடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மிச்சத்திலிருந்து தொடங்குவது வேறு வேலை. அதனால்தான் இந்த மூன்று சாமானும் அந்த வேலைக்கு எப்படி உதவின என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் துணியைப் பிரித்தேன். சாக்கில் இருந்தது பெரும்பாலும் டூ பை டூ என்கிற பிளவுஸ் துணி, அப்புறம் பாப்ளின், லைனிங். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வருகிற செட் சேலை பிளவுஸில் விழுந்த கசவுக் கரைத் துண்டுகளும் இருந்தன. எல்லாத் துணியும் ஒன்றாக நிற்காது. பருத்தியும் பாலியஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் தைத்துத் துவைத்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, தையல் இழுத்துக்கொண்டு நிற்கும். சந்தேகமான துணியில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான உருண்டையாகும். கலப்பு இரண்டையும் செய்யும். டூ பை டூ என்று விற்பதிலேயே முழுப் பருத்தியும் உண்டு, கலப்பும் உண்டு, கடைக்காரர் வாயை நம்பிப் பயனில்லை. இப்படிப் பார்த்ததில் சாக்கில் பாதிக்கு மேல் ஒதுங்கிவிட்டது. சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றையும் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்து, சாயம் விட்டதையும் எடுத்துவிட்டேன். பிள்ளை வாயில் வைக்கும் சாமான்.

சரி, செட்டுக்கு வருகிறேன். விலை 1,300 ரூபாய்க்குச் சற்று மேல் என்றான் மருமகன். கத்தி 45 மில்லிமீட்டர், பாய் ஏ3 அளவு, ஸ்கேல் 6-க்கு 12 இஞ்சு. கூடவே ஒரே ஒரு மாற்று பிளேடு. பெட்டியில் ஏதோ ஒரு பெயர் அச்சடித்திருந்தது, அதை இங்கே எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த சாமான் பல பெயர்களில் விற்கிறது, ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நியாயமில்லை.

கத்தியை வெளியே எடுத்ததும், கொக்கி கட்ட வருகிற பிள்ளை, "எக்கா, இது சோமாசி ஓரம் வெட்டுற கரண்டிதானே" என்றாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சோமாசிக் கரண்டி விரலில் ஏறினால் ஒன்றும் ஆகாது, இது எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் நிற்கும். துணிக்கென்று உருளும் கத்தியை 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுவிட்டுப் பயன்படுத்துகிற காகிதக் கத்தி இருக்கிறதே, அந்த பிளேடை 1956-இல் உருவாக்கியவரின் நிறுவனம்தான் அது. அதுவரை அமெரிக்காவில் க்வில்ட் செய்த பெண்கள் அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு துண்டையும் கத்தரியால்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்தது ஓல்ஃபா அல்ல. ஆனால் வேலை செய்கிற விதம் அதேதான்.

கத்தரியின் அடித்தாடை துணிக்குக் கீழே போகும்போது துணி மேசையை விட்டு எழும்பும். ஒற்றைத் துணி என்றால் பரவாயில்லை. நாலு மடிப்பாக வைத்து வெட்டினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒரு நூல், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, வித்தியாசம் வந்துவிடும். பிளவுஸுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பின்னால் பெருக்க வேண்டிவரும் என்று பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை இஞ்சு விட்டுத்தானே தைக்கிறோம். க்வில்ட்டில் விடுவது கால் இஞ்சு மட்டும். அங்கே ஒரு நூல் பெரிய நூல். உருளும் கத்தி துணியைத் தூக்காது, மேலிருந்து அழுத்திக்கொண்டே போகும். நாலு மடிப்பிலும் ஒரே அளவு வந்தது. மெல்லிய லைனிங் துணி கத்தரிக்கு வழுக்கிக்கொண்டு போகும், இதற்கு அடங்கிப் படுத்தது. இந்த இடத்தில் கத்திக்கு முழு மதிப்பெண்.

பிறகு ஏன் மூன்றரை? பிளேடை மூடுகிற பூட்டு தளர்வாக இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடவேண்டிய சாமானில் பூட்டு கெட்டியாக இருக்க வேண்டாமா? எங்கள் வீட்டில் பிள்ளைகள் வந்து போகிற முன்னறை அது. அடுத்தது பிளேடு. ஒரு நாள் மேசையில் கிடந்த பிளவுஸ் கொக்கி மேல் பிளேடு ஏறி, விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொக்கை விழுந்தது. அதிலிருந்து எவ்வளவு அழுத்தி ஓட்டினாலும் சரியாக 14 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை இரண்டு மூன்று இழை அறாமல் நிற்கும். 45 மில்லிமீட்டர் வட்டத்தின் சுற்றளவு அவ்வளவுதானே, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அந்தப் பொக்கை கீழே வரும். உங்கள் கத்தியிலும் இப்படிச் சீரான இடைவெளியில் இழை விட்டுப்போனால் பிளேடு மழுங்கவில்லை, பொக்கை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மழுங்கியிருந்தால் வழிநெடுக விட்டுப்போகும்.

எப்படிப் போனாலும் புது பிளேடுதான் வாங்கவேண்டும், சாணைக்காரரிடம் கொடுத்து இதைத் தீட்ட முடியாது. என் 10 இஞ்சுக் கத்தரிக்கு அந்தக் கவலை கிடையாது. சாணைக்கல்லோடு சைக்கிளில் வருகிறவர் வாசலில் நின்று பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கத்தரியை வைத்துப் பிழைக்கிறவள் கண்ணுக்கு, தீட்ட முடியாத ஆயுதம் பாதி ஆயுதம்தான். 45 மில்லிமீட்டர் பிளேடு பெரும்பாலும் எந்தப் பெயரில் வந்தாலும் மற்றக் கத்திகளுக்கும் பொருந்தும் என்பது ஒரு ஆறுதல்.

பாய் சுருட்டிய நிலையில் வந்தது. இதை அனுப்புகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், பி.வி.சி. பாயைச் சுருட்டினால் அது சுருண்டுதான் இருக்கும். அரிசிச் சாக்குக்கு அடியில் போட்டு வைத்தும் இரண்டு மூலை இன்னமும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெட்டிய கீறல் தானாக மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான், லேசாக அழுத்தி வெட்டினால் தடம் தெரியாது. ஆனால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வெட்டினால் எந்தப் பாயாலும் தாங்க முடியாது. இடம் மாற்றி மாற்றி வெட்டவேண்டும். வெயில் விழுகிற ஜன்னல் பக்கம் வைக்கக்கூடாது, சூடான பாத்திரம் வைக்கக்கூடாது, மேலே துணி போட்டுத் தேய்க்கவே கூடாது. வளைந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம். எங்கள் வீட்டு முன்னறைக்கு மேலே தகரம். சித்திரையில் அந்த அறையில் நானே வளைந்துபோவேன், பாயைச் சொல்லிக் குற்றமில்லை.

குற்றம் வேறு இடத்தில். பாயில் அச்சடித்த இஞ்சுக் கட்டமும் கூட வந்த ஸ்கேலின் இஞ்சும் ஒத்துப்போகவில்லை. 12 இஞ்சு நீளத்துக்கு அரை நூல் வித்தியாசம். ஒரே பெட்டியில் வந்த இரண்டு சாமான், ஒன்று 12 என்கிறது, மற்றது இல்லை என்கிறது. இஞ்சு டேப், தையல் பள்ளிக்காலத்து மர ஸ்கேல், பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணனின் இரும்பு ஸ்கேல் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். ஸ்கேல்தான் சரி. மலிவுப் பாய்களில் கட்டம் இப்படி இருப்பது சகஜம். பாயை வெட்டுகிற பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அளவை ஸ்கேலில் மட்டும் பாருங்கள்.

இனி ஸ்கேல். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

தடிமனான, தெளிவான அக்ரிலிக் பலகை. குறுக்கும் நெடுக்கும் கோடுகள், ஓரத்தில் நூல் கணக்கு, சாய்வாக 30, 45, 60 டிகிரிக் கோடுகள். இதில் என்ன அதிசயம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். என் மர ஸ்கேலும் டேப்பும் எங்கே கோடு போடவேண்டும் என்று சொல்லும், கோடு போடவேண்டியது நான். சாக்பீஸ் கோட்டுக்கே அரை நூல் தடிமன் உண்டு. கோட்டுக்கு உள்ளே வெட்டினோமா, வெளியே வெட்டினோமா என்பதிலேயே அளவு மாறிவிடும். இந்த ஸ்கேலில் கோடே போடவேண்டாம். மூன்றரை இஞ்சுக் கோட்டைத் துணியின் ஓரத்தோடு பொருத்தி, விரல்களை அகட்டி அழுத்திப் பிடித்து, விளிம்பை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் முடிந்தது. அளப்பதும் வெட்டுவதும் ஒரே வேலை.

இந்த அரை நூல், ஒரு நூல் எல்லாம் பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 8 நூல் 1 இஞ்சு. என் விரிப்பில் ஒரு வரிசைக்கு 12 சதுரம், அவற்றுக்கு இடையில் 11 தையல். ஒவ்வொரு தையலையும் அரை நூல் மட்டும் கூடுதலாக உள்ளே பிடித்தேன் என்று வையுங்கள். இரண்டு பக்கத் துணியிலும் அரை அரை நூல் போய், தையலுக்கு ஒரு நூல் குறையும். 11 தையலுக்கு 11 நூல், அதாவது ஒன்றே கால் இஞ்சுக்கு மேல். அடுத்த வரிசையில் சரியாகப் பிடித்திருந்தால் இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று சேராது. வெட்டும்போதே ஒவ்வொரு சதுரமும் அரை நூல் குறைந்திருந்தால் அது தனியாக முக்கால் இஞ்சு. பிளவுஸில் இப்படி ஒரு பிசகு வந்தால் டார்ட்டில், அதாவது உடம்பு வடிவத்துக்காகப் பிடிக்கிற மடிப்புத் தையலில், இழுத்துச் சரிக்கட்டலாம். க்வில்ட்டில் ஒளித்துவைக்க டார்ட் கிடையாது.

மிச்சத் துணிக்கு இந்த ஸ்கேல் செய்கிற பெரிய உபகாரம் இன்னொன்று. ஊடாகப் பார்க்கலாம். கக்கத்துப் பிறைத்துண்டின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், மூன்றரை இஞ்சுச் சதுரம் எங்கே அடங்கும், அடங்காது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். துணியின் நேர் இழை ஸ்கேல் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்றும் தெரியும். இது முக்கியம். கிராஸில் வெட்டிய சதுரம் கையில் எடுத்தாலே நீளும், மிஷினில் வைத்தால் இன்னும் நீளும். பூப்போட்ட துணி என்றால் பூவைச் சதுரத்தின் நடுவில் கொண்டுவரலாம். சாக்பீஸ் வைத்து இதை எல்லாம் செய்ய முடியாதென்றில்லை. ஆனால் ஒரு துண்டுக்கு ஆகிற நேரத்தைப் பார்த்தால் யாரும் செய்யமாட்டார்கள், சாக்கு ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகும்.

எங்கள் மாவட்டத்துக்கு ஊசி வேலை புதிதல்ல. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். முளகுமூட்டுக்கு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர் வந்த பிறகு, கன்னியாஸ்திரிகள் வழியாக லேஸும் எம்ப்ராய்டரியும் சுற்றுவட்டாரப் பெண்களின் கைத்தொழில் ஆயின. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லித்தந்த பெரியம்மை அந்தக் கைப்பழக்கத்தில் வந்தவர். நேராக வெட்டவேண்டும் என்றால் அவர் ஸ்கேலையே தொடமாட்டார். ஓர் இழையை ஊசி நுனியால் கிளப்பி, துணியை மெல்லச் சுருக்கிக்கொண்டே உருவுவார். இழை போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும், அதன் மேல் கத்தரி போகும். அதைவிட நேரான வெட்டு கிடையாது, இந்த ஸ்கேலும் அந்த அளவுக்கு வராது. ஆனால் 168 சதுரத்துக்கு நாலு பக்கமும் இழை உருவ எனக்குக் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை. டூ பை டூ இழை பாதியில் அறுந்தும் போகும்.

ஸ்கேலிலும் குறை உண்டு. அடிப்பக்கம் வழுக்குகிறது. நடுவில் அழுத்திப் பிடித்தால் நுனி விலகும், நுனியில் பிடித்தால் விரல் கத்திக்குப் பக்கத்தில் போகும். ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் ஒரு தாள் வாங்கி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி நாலு மூலையிலும் நடுவிலும் பசை போட்டு ஒட்டினேன். அதன் பிறகு அசையவில்லை. கோடுகள் கறுப்பில் அச்சடித்திருப்பதால் கருநீலத் துணியில் ஒன்றும் தெரியாது, இரட்டை நிறத்தில் கோடு போட்டவை வருகின்றன, கிடைத்தால் அதை வாங்குங்கள். இவ்வளவு இருந்தும் 5 போட்டிருக்கிறேன் என்றால், இப்போது பிளவுஸ் பட்டியும் கிராஸும் இதை வைத்துத்தான் வெட்டுகிறேன். கிராஸுக்கு 45 டிகிரிக் கோடு கைக்கு வந்தபிறகு பழையபடி மடித்துப் பிடித்து வெட்ட மனம் வரவில்லை.

விரிப்பு செய்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெட்டிய சதுரம் மூன்றரை இஞ்சு, தைத்த பிறகு 3 இஞ்சு. அகலத்தில் 12, நீளத்தில் 14, ஆக 36-க்கு 42 இஞ்சு. மிஷினில் கால் இஞ்சு பிடிக்க எனக்குத் தனி ஃபுட் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம்) இல்லை. ஸ்கேலை ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் திருப்பி, கால் இஞ்சுக் கோட்டின் மேல் ஊசி இறங்குகிற மாதிரி நிறுத்தினேன். ஸ்கேலின் வலது விளிம்பை ஒட்டி மாஸ்கிங் டேப்பைச் சில அடுக்காக மிஷின் தட்டில் ஒட்டிவிட்டு ஸ்கேலை எடுத்துவிட்டேன். துணி அந்த மேட்டில் உரசிக்கொண்டே போகும், தையல் மாறாது. இதற்கும் ஸ்கேல்தான் உதவியது, பாருங்கள்.

வரிசை தைத்ததும் தையலை விரித்துத் தேய்க்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்க்கவேண்டும். முதல் வரிசை வலது பக்கம், அடுத்தது இடது பக்கம். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது இரண்டு மேடும் எதிரெதிராக வந்து முட்டிக்கொள்ளும், குண்டூசி இல்லாமலே மூலைக்கு மூலை பொருந்திவிடும். பிளவுஸில் தோள்தையலை விரித்துத் தேய்த்தே பழகிய கைக்கு இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். செய்து பார்த்தால் காரணம் புரியும்.

நடுவில் வைக்க பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு விற்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது வேண்டாம் என்று நினைக்கிறேன். புழுக்கத்தில் பிள்ளைக்கு வேர்க்கும். இலவம் பஞ்சும் சரிப்படாது, துவைத்தால் ஒரு மூலையில் போய்த் திரளும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, தடித்த விரிப்பு ஒரு தடவை நனைந்தால் காய்வதற்குள் வாடை வந்துவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட ஒரு பழைய எட்டு முழ வேட்டியை மூன்றாக மடித்து நடுவில் வைத்தேன். அடியில் பழைய நூல் சேலை. பருத்தியோடு பருத்தி, ஒன்றாகச் சுருங்கும், ஒன்றாகக் காயும். ஓரத்துக்கு இரண்டரை இஞ்சுப் பட்டி, நேர் வெட்டுதான். ஓரம் நேராக இருக்கும்போது கிராஸ் பட்டி வேண்டியதில்லை.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க என் மிஷின் உதவாது, மேல் துணியை மட்டும் தள்ளிக்கொண்டே போய்ச் சுருக்கம் விழவைக்கும். சேஃப்டி பின் நிறையப் போட்டுவிட்டு, ஆங்கர் எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்து ஓட்டுத்தையலாகக் கையாலேயே போட்டேன். சிட்-அவுட்டில் உட்கார்ந்து சாயங்காலங்களில் செய்த வேலை. அவ்வழியாகப் போன எல்லாரும் நின்று, "இதை வித்தா என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்கள். ஒன்றும் கிடைக்காது. கூலிக் கணக்குப் பார்த்தால் அந்த நேரத்தில் தைக்கிற பிளவுஸ்தான் லாபம். ஒரு வார்த்தை, ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளை தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை எதுவும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே இது பக்கத்தில் ஆள் இருக்கும்போது கீழே விரித்து விளையாடவிட மட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் பழைய துணியில் கவந்தி என்று ஒன்று தைக்கிறார்கள். அளவும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒரு பழைய சேலையை விரித்து, மூலையிலிருந்து தொடங்கி, கிடைத்த துண்டை ஓரம் மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். பிறைத்துண்டு, நீளத்துண்டு எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிற வங்காளத்துக் காந்தாவுக்கும் வட்டக் கத்தி தேவைப்பட்டதில்லை. செலவே செய்யாமல் மிச்சத் துணியில் ஏதாவது செய்யவேண்டும் என்றால் அந்த வழிதான் நேர் வழி. சதுரத்துக்குச் சதுரம் மூலை சேர்ந்து நிற்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் இந்தச் சாமானெல்லாம்.

விற்றவர்களைப் பற்றி. பூட்டு தளர்வாக இருக்கிறது என்று மருமகன் எழுதினான். படம் கேட்டார்கள், அனுப்பினான். வீடியோ கேட்டார்கள், நான் எடுத்து அனுப்பினேன். கடைசியில், உடைந்திருந்தால்தான் மாற்றித்தர முடியும் என்று பதில் வந்தது. கைவெட்டினால் கணக்கில் சேருமா என்று கேட்கச் சொன்னேன், அவன் கேட்கவில்லை. இப்போது ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆகவே வாங்குவதாக இருந்தால் இப்படி வாங்குங்கள். முதலில் ஸ்கேல் மட்டும். 6-க்கு 12 போதும், மிச்சத் துணிக்கு 24 இஞ்சு நீளம் தேவையில்லை. இரண்டு நிறக் கோடு, ஓரத்தில் நூல் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள், வந்ததும் ஓர் இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை வைத்துக் கூரான பென்சிலால் கோடு போட்டுக் கத்தரியால் வெட்டியே ஒரு சின்ன விரிப்பு செய்துவிடலாம், நேரம் கூடும், அவ்வளவுதான். வேலை பிடித்துப்போனால் அப்புறம் கத்தி. அதைத் தனியாக, பூட்டு கெட்டியாக இருக்கிற நல்ல கத்தியாக வாங்குங்கள், இடதுகைக்காரர்கள் பிளேடை மறுபக்கம் மாற்றிப் போட முடியுமா என்று கேட்டு வாங்கவேண்டும். கத்தி வாங்கினால் பாய் இல்லாமல் முடியாது, மேசை போய்விடும். பாயைச் சுருட்டாமல் தட்டையாகத் தருகிற இடத்தில் வாங்குங்கள். ஸ்டேஷனரிக் கடையில் ஓவியம் வரைகிறவர்களுக்கு விற்கிற வெட்டுப் பாய் இருந்தால் அதுவே போதும், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

கழற்றிய பழைய பிளேடை அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள். மழுங்கியது துணிக்குத்தான், குப்பை அள்ளுகிறவர் கைக்கு அது இன்னமும் கூர்தான். நான் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.